கரட்டெலியின் வெள்ளை வால்

எலியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கிற முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் பேசத் தோன்றும். அரியலூரில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். அந்த வேலை ஒரு எலியின் வாலோடு போய்விட்டது. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கு மேற்கே, குரும்பலூரைத் தாண்டி, பச்சைமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமாகக் காடு கிடையாது. அடுத்தவர் காட்டில் கடலை பிடுங்குவோம், சோளம் அறுப்போம், பருத்தி எடுப்போம். அறுவடை முடிந்த காட்டில் எலி பிடிப்போம். வெள்ளெலியும் வரப்பெலியும் எங்கள் வீட்டுக் கறி. நெல்லும் கடலையும் தின்று வளர்ந்த எலியின் ருசி, குப்பை மேய்ந்த கோழிக்கு வராது. இதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிறவள் நான் இல்லை. என்னை வெட்கப்பட வைக்க நிறையப் பேர் முயன்றார்கள். கல்லூரி விடுதியில் எங்காவது எலி ஓடினால் முதலில் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். "உங்க ஆளு வந்திருக்கான், வந்து பாரு" என்பார்கள். நானும் போய்ப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்வது, மற்றவர்கள் கட்டில் மேல் ஏறி நின்றால் யாராவது பிடித்துத்தானே ஆக வேண்டும்.

நான் சொல்ல வந்த எலி காட்டு எலி இல்லை, வீட்டு எலியும் இல்லை. ஊருக்கு மேற்கே பாறையும் முள்ளுமாக ஒரு குன்று உண்டு. அதைக் கரடு என்போம். அந்தப் பாறை இடுக்குகளில் இருந்ததால் அதற்குக் கரட்டெலி என்று பெயர். விறகுக்குப் போகும்போது பொழுது சாயும் நேரத்தில் பார்த்திருக்கிறேன். உடம்பு பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். வால் உடம்பைவிட நீளம். அந்த வாலின் முன்பாதி பழுப்பு, பின்பாதி வெள்ளை. யாரோ பிடித்துச் சுண்ணாம்புக் கலயத்தில் பாதி வாலை முக்கி எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். பாறை மேல் அது ஓடும்போது எலி தெரியாது, வெள்ளை வால் நுனி மட்டும் தெரியும். அதை யாரும் பிடிக்கவும் மாட்டார்கள். பாறைக்குள் கையை விட்டால் பாம்பு இருக்கும், அதோடு அந்த எலியில் கறியும் கிடையாது.

விலங்கியல் படித்த பிறகுதான் அதற்கு ஒரு விலாசம் இருப்பது தெரிந்தது. துறை நூலகத்தில் எலிகளுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதில் வெள்ளைவால் எலிக்கு அரைப் பக்கம் கூட இல்லை. தென்னாட்டு மலைகளில் பாறையும் புதரும் உள்ள இடங்களில் இருக்கும் என்றும், அதன் பழக்கவழக்கங்கள் சரியாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தது. அதை எந்த வரிசையில் வைப்பது என்பதிலேயே பெரியவர்களுக்குள் தகராறு. சிலர் அதை வீட்டெலியின் பேரினத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள். வேறு சிலர், இல்லை, பல்லும் மண்டையோடும் வேறு, பாறையில் வாழும் எலிகளோடு தனியே வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு எலி எந்த எலி என்று சொல்வது லேசான காரியம் இல்லை. வால், பின்னங்கால், காது எல்லாவற்றையும் அளக்க வேண்டும். பெண் எலியென்றால் முலைக்காம்புகளை எண்ண வேண்டும். மண்டையோட்டைச் சுத்தம் செய்து, கடைவாய்ப் பற்களின் மேடு பள்ளங்களைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். எலிக்கு இத்தனை நியாயம் உண்டு. எனக்கு அந்தப் படிப்பு பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் துறைத் தலைவர், அதாவது நான் வேலை பார்த்த பேராசிரியர், கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிரித்த முகம். எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். அவரிடம் இந்த எலியைப் பற்றிச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. வாலைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெரம்பலூர்ப் பக்கம் யாரும் இதைப் பிடிச்சதா நான் படிச்சதில்லையேம்மா. ஒண்ணே ஒண்ணு கொண்டு வா. கல்கத்தாவுல இருக்கிற விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பி, அவங்க ஆமான்னு சொல்லிட்டாங்கன்னா, அதை வச்சே உன்னை டாக்டர் பட்டத்துக்குப் பதிவு பண்ணிடலாம். வேலையும் நீடிச்சுடும்."

என் வேலை தற்காலிக வேலை. ஏப்ரலில் முடிகிறது. நீடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். திரும்பிப் போனால், 'இவ்வளவு படிச்சு என்னத்தக் கண்டா' என்று கேட்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். ஆக, அந்த எலி எனக்கு வேண்டும். அந்த அளவுக்கு எந்தப் பொருளுக்கும் நான் அதற்கு முன்னும் ஆசைப்பட்டதில்லை, பின்னும் ஆசைப்பட்டதில்லை.

கல்லூரியின் இரும்புக் கூண்டுப் பொறிகளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். தேங்காய்ச் சில், கருவாடு, வறுத்த கடலை எல்லாம் வைத்துப் பார்த்தேன். கரட்டெலி எட்டிப் பார்க்கவில்லை. ஒரு முறை அணில் விழுந்தது. ஒரு முறை கீரிப்பிள்ளை வந்து கருவாட்டைத் தின்றுவிட்டு, கூண்டையும் உருட்டிவிட்டுப் போனது. கடைசியில் அண்ணனிடம் சொன்னேன்.

எனக்கு அண்ணன் ஒருவர்தான். அப்பா போன பிறகு வீட்டைத் தாங்கியவர். கூலி வேலைக்குப் போவார், வேலையில்லாத நாளில் எலி பிடிப்பார். மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிய கிட்டி வைப்பதில் அவர் கை நல்ல கை. என்னைப் படிக்க வைத்தது அவர்தான் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. "நீ படிச்ச, நான் என்ன பண்ணேன்" என்பார்.

"அண்ணே, வெள்ளை வாலு இருக்குமே, அந்தக் கரட்டெலி ஒண்ணு வேணும். நசுங்கக் கூடாது. தோலு கிழியக் கூடாது. தீயில காட்டவே கூடாது. புடிச்ச அன்னைக்கே உப்புல போட்டு எடுத்துட்டு வந்துடு."

"யாருக்கு?"

"எங்க சாருக்கு. அதை வச்சுத்தான் என் வேலையே இருக்கு."

"அப்புடியா? அப்ப சுத்தபத்தமாக் கொண்டாறேன், போ" என்றார்.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எலியை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கும்போது வாலை ஒட்ட நறுக்கிவிட்டுத்தான் கொடுப்போம். வாலோடு கொடுப்பது, குப்பைமேட்டில் செத்துக் கிடந்ததை எடுத்து நீட்டியதற்குச் சமம். சம்பந்தி வீட்டுக்கு யாரோ வாலோடு எலியைக் கொடுத்தனுப்பி, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதெல்லாம் எங்கள் தெருவில் நடந்திருக்கிறது. மதிப்பான வீடென்றால் நறுக்குவது இன்னும் சுத்தமாக இருக்கும். அதோடு அந்த வருஷங்களில் எலி ஒழிப்பு என்று ஒன்று நடந்தது. பெரம்பலூரில் ஒரு ஆபீசில் எலி வாலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்குக் கூலி உண்டு. அதனால் நறுக்கிய வாலை யாரும் தூக்கி எறிவதும் இல்லை.

அண்ணன் வந்த அன்று நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். துவைத்த வேட்டி, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை, கையில் மூடி போட்ட பனையோலைப் பெட்டி. வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை. சார் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

பேராசிரியர் எழுந்து வந்து பெட்டியை வாங்கினார். மாணவர்கள் சுற்றிக்கொண்டார்கள். மூடியைத் திறந்தால் வேப்பிலை, அதன் கீழ் கல்லுப்பு, அதன் நடுவில் எலி. தோல் கிழியவில்லை, எங்கும் நசுங்கவில்லை, மீசை மயிர் கூட ஒழுங்காக இருந்தது. பேராசிரியர் அதை எடுத்துத் திருப்பினார்.

"வாலு எங்கப்பா?"

அண்ணன் சிரித்தார். "உங்களுக்குக் குடுக்குறத வாலோடயா சார் குடுப்பேன்? நல்லா ஒட்ட நறுக்கிட்டேன்."

பிறகு பேராசிரியர் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

"சமைக்க ரெடியாவே கொண்டாந்திருக்காரும்மா உங்க அண்ணன். மசாலாதான் பாக்கி" என்றார்.

எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, தன்னை மெச்சுகிறார்கள் என்று நினைத்து அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்த அறையில் இருந்த ஒருவரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிப்பது பெரிய குணம் என்கிறார்கள். அந்தப் பெரிய குணத்தை எலி வாலுக்குச் சிரித்தவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

வால் எங்கே என்று அண்ணனை வராந்தாவுக்கு இழுத்து வந்து கேட்டேன். பெரம்பலூரில் பஸ் மாறும்போது, கையில் இருந்த மற்ற வால்களோடு சேர்த்து ஆபீசில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்திருப்பார் போல.

"தப்பாயிடுச்சா தங்கச்சி?"

"இல்ல அண்ணே. வா, போவோம்."

அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். வழியெல்லாம் அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அங்கே இருந்த குமாஸ்தா எங்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். ஒரு குழி. வந்த வால்களை அன்றன்றே அதில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுவார்களாம். இல்லாவிட்டால் ஆட்கள் கொடுத்த வாலையே எடுத்து வந்து மறுபடி கொடுத்துவிடுவார்களாம். குழியில் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. நான் ஒரு குச்சியை எடுத்துக் கிளறினேன். கரியைத் தவிர ஒன்றும் இல்லை.

"வெள்ளையா ஒரு வாலு இருந்துச்சா சார்?" என்று கேட்டேன்.

"இருந்துச்சும்மா. பாதி வெள்ளை. ஏதோ சொறி புடிச்ச எலி போலன்னு நெனச்சேன்."

"அதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுப்பீங்களா?"

"எலி வாலுக்கு சர்டிபிகேட் கேக்குற மொத ஆளு நீதாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் இடத்தில் அவர் இருந்திருந்தாலும் அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதே பேச்சுத்தான் நடந்திருக்கும்.

வால் போனால் போகிறது, மண்டையோடு இருக்கிறதே என்று திருச்சிக்குத் திரும்பினேன். நானே தோலை உரித்துப் பஞ்சடைத்தேன். மண்டையோட்டை வேகவைத்து, ஊசியால் சதையை எடுத்து, வெயிலில் காய வைத்தேன். அது பெண் எலி. முலைக்காம்புகள் நான்குதான் இருந்தன. வீட்டெலிக்கு அதைவிட அதிகம், இது முதல் வருஷ மாணவருக்கே தெரியும். துறையில் இருந்த வீட்டெலி மண்டையோடு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பல்லும் ஒன்றுபோல் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"மண்டையோட்டைப் பாருங்க சார். இது வீட்டெலி இல்ல."

"இருக்கலாம்மா."

"கல்கத்தாவுக்கு அனுப்பினா அவங்க சொல்லிடுவாங்க சார்."

"வாலில்லாத எலியை வெள்ளைவால் எலின்னு சொல்லி அனுப்பச் சொல்றியா? என் பேரு என்னாகிறது? நாளைக்கு நான் எங்க போனாலும் இதைச் சொல்லியே சிரிப்பாங்க."

"ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

"பாத்தேனேம்மா" என்றார். அவர் கண் தட்டின் பக்கம் திரும்பவே இல்லை. பூதக்கண்ணாடி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பேனாவை எடுத்து ஒரு அட்டையில் 'வீட்டெலி, பெண், வால் இல்லை' என்று எழுதி, நூலில் கட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார். "இதுக்குத்தான் சொல்றது, நம்ம படிச்சா மட்டும் போதாது, வீட்டுல இருக்கிறவங்களும் கொஞ்சம் மாறணும்" என்றும் சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு எலியை இன்னதென்று சொல்ல வாலும் பல்லும் காலும் வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர், எங்கள் அண்ணனை இன்னாரென்று முடிவு கட்டுவதற்கு அந்தப் பனையோலைப் பெட்டி ஒன்றையே போதுமென்று வைத்துக்கொண்டார். அட்டையை நான் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை.

அண்ணன் விடவில்லை. அதன் பிறகு வேலைக்குக் கூடப் போகாமல் கரட்டிலேயே கிடந்தார் என்று அண்ணி சொன்னார். ஆனால் பங்குனி வெயிலில் பாறை கொதிக்கும்போது எந்த எலி வெளியே வரும்? தெற்குப் பக்கத்தில் கல் உடைக்கவும் ஆரம்பித்திருந்தார்கள். வெடிச் சத்தத்தில் இருந்தவையும் எங்கோ உள்ளே போய்விட்டன. ஏப்ரல் வந்தது, என் வேலை முடிந்தது. பிரிவு உபசாரம் என்று டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். பேராசிரியர் என் உழைப்பைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை பேசினார்.

ஊருக்கு வந்து கொஞ்ச காலம் கடலை பிடுங்கினேன். பிறகு பி.எட். படித்து, அரியலூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் வீடு. எதைத் துடைத்தாலும் மறுநாள் வெள்ளையாகப் படிந்திருக்கும். பிள்ளைகளுக்குத் தவளையும் கரப்பான்பூச்சியும் படம் போட்டுக் கற்பித்தேன். எலி பாடத்தில் இல்லை. அண்ணன் எப்போதாவது வருவார். வாலைப் பற்றி அவரும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். எங்களுக்குள் அது ஒன்றுதான் பேசாத விஷயம். அது பெரிய விஷயமாக நடுவில் உட்கார்ந்துகொண்டது.

எண்பதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். அதே கல்யாணச் சட்டை. கையில் பச்சைக் கடலை மூட்டை. அப்படிச் சந்தோஷமாக அவரை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. தண்ணீர் கூடக் குடிக்காமல் சொன்னார்.

"தங்கச்சி, உன் எலி கெடச்சிடுச்சு."

"எந்த எலி?"

"வெள்ள வாலு. உங்க சாரு ஜீப்புல வந்தாரு. கூட ஒரு பையன் படிக்கிறானாம், அவனும் வந்தான். ஊருல விசாரிச்சு நம்ம வூட்டுக்கே வந்துட்டாரு. நாந்தான் கரட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். மேக்கால பொந்துல கிட்டி வச்சேன். விழுந்துடுச்சு."

நான் போய்க் கடலைக்கு முறம் எடுத்து வந்தேன்.

"இந்தத் தடவ வாலத் தொடவே இல்ல. வாலுக்கு மட்டும் தனியாத் துணி சுத்திக் குடுத்தேன். ஒரு முடி உதுரல. சாரு கையக் குடுத்தாரு எனக்கு."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"நான் சொன்னேன். எந்தங்கச்சி அன்னைக்கே சொன்ன எலி சார் இதுன்னேன். ஆமா ஆமா, ஞாபகம் இருக்குன்னாரு."

பின்னால் திருச்சிக்குப் போனபோது அந்தக் கட்டுரையைப் பார்த்தேன். கல்கத்தாவில் ஆமாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது, கரட்டின் உயரம் இருந்தது, வாலின் நீளம் இருந்தது. முலைக்காம்பு நான்கு என்று இருந்தது. பிடித்தவர் என்ற இடத்தில் பேராசிரியரின் பெயரும் அந்தப் பையனின் பெயரும் இருந்தன. அந்தப் பையனுக்குப் பட்டம் கிடைத்து, அதே துறையில் வேலையும் கிடைத்தது. அண்ணன் வந்து சொன்ன அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரிதான் இருந்தது.

அண்ணன் கடலையை முறத்தில் கொட்டிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"எலிதான் குடுத்துட்டோமே. இனிமே உன்னைத் திரும்பக் கூப்ட்டுக்குவாங்கல்ல?"

"கூப்பிடுவாங்க அண்ணே. கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

நன்றாகச் சாப்பிட்டார். இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த முறை வந்தபோது கூப்பிட்டார்களா என்று கேட்டார். அதற்கடுத்த முறையும் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். கரட்டுப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார் என்று அண்ணி சொன்னார்.